ஞாயிற்றுக்கிழமை எலிகள்

அத்தியாயம் 5

"எலி பொய் சொல்லாது," என்றாள் மகிமா.

"அப்பச் சந்தேகப் பட்டியல்ல இருந்து இருபத்துநாலு பேரைக் கழிச்சிரலாம்," என்றான் தங்கப்பாண்டி.

கிருபாவதி சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலை மணி பதினொன்று பத்து. நான்கு மணிக்கு மதுரையிலிருந்து விசாரணைக் குழு வந்து உட்காரும். ஐந்து மணிக்குள் மகிமாவின் நான்கு வருட ஆராய்ச்சி பிழைக்கும். இல்லையென்றால் 'எண்களைத் திருத்தியவள்' என்ற ஒற்றை வரியோடு அவள் தேனிக்கு வீடு திரும்புவாள். அந்த வரியைச் சுமந்துகொண்டு வேறெந்த ஆய்வுக்கூடத்தின் வாசலையும் மிதிக்க முடியாது.

போடி கடைவீதியில் ஓர் ஏலக்காய்க் கடையின் மாடியில் இருக்கிறது கிருபாவதியின் துப்பறியும் அலுவலகம். அங்கே வரும் வழக்குகளில் பாதி, ஏலக்காய் மூட்டை காணாமல் போனவை. மீதி, மாப்பிள்ளை விசாரணை. அவளுடைய உதவியாளன் தங்கப்பாண்டி அதற்கு முன் ஒன்பது வருடம் சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஜீப் ஓட்டியவன். அந்த மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளுக்கு எதற்குப் பூக்களின் பெயர் என்று பயணிகள் கேட்டால், "உருண்டு விழுந்தா மாலை தனியா வாங்க வேணாம் பாருங்க" என்பான். கடைசியில் அவனுடைய இடுப்பெலும்புதான் 'போதும்டா சாமி' என்று அவனைக் கீழே இறக்கிக் கொண்டுவந்தது.

எலிக்காக வந்த முதல் வழக்கு இது.

"எலிகளப் பாத்துட்டே பேசுவோம்," என்று எழுந்தாள் கிருபாவதி.

பொட்டிப்புரம் போகும் சாலையில், தென்னந்தோப்புக்கு நடுவே வெள்ளையடித்து நின்றது அந்தத் தீவன ஆய்வு மையம். பின்பக்கம் தனியாக ஒரு நீளக் கட்டடம். அதுதான் எலிகளின் வீடு. மேற்கே மலை, பாதியில் மூடிவைத்த புத்தகம் போல மேகத்துக்குள் கிடந்தது. கணவாய்க்காற்று தோப்பை ஒரே பக்கமாக வாரிவிட்டுக்கொண்டிருந்தது.

கட்டட வாசலில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி வாளியும் கையுமாக வழிமறித்தாள். மணிக்கட்டில் மஞ்சள் வெளுத்த காப்புக் கயிறு.

"செருப்ப அங்கன கழத்திட்டு, இந்தத் தொட்டியில கால முக்கிட்டு வாங்க."

"எதுக்கு ஆத்தா? கோயிலுக்கா போறோம்?"

"நோய் தொத்திரும்யா."

"எலியால நமக்கா?"

"நம்மளால எலிக்கு. கால முக்கு."

தங்கப்பாண்டி மறுபேச்சில்லாமல் முக்கினான். "முத்துப்பேச்சியக்கா," என்று அறிமுகப்படுத்தினாள் மகிமா. "கூண்டு கழுவுறது, தண்ணி மாத்துறது எல்லாம் அவங்கதான்."

கதவோரம் ஆணியில் சணல் கயிற்றில் தொங்கியது ஒரு நீள நோட்டு. அட்டை முழுக்க ஈரக்கறை. அதோடு கட்டிய ஒரு பேனா, தப்பிவிடுமோ என்று பயந்தது போல மூன்று முடிச்சு.

"இதென்ன, வருகைப் பதிவா? கையெழுத்துப் போடணுமா?" என்றான் தங்கப்பாண்டி.

"அது துப்புரவு நோட்டு," என்றாள் மகிமா. "யாரும் பாக்குறதில்ல. வாரம் ஒருக்கா டைரக்டர் கையெழுத்துப் போடுவார். அவ்வளவுதான்."

உள்ளே குளிர்சாதனம் மெல்ல முனகியது. இருபத்துநாலு கூண்டுகள், மூன்று வரிசை. வெள்ளை அட்டை எட்டு, சிவப்பு அட்டை எட்டு, நீல அட்டை எட்டு. வெள்ளை எலிகள் பின்னங்காலில் நின்று, ரோஜாப்பூ இதழ் போன்ற காதுகளோடு தங்கப்பாண்டியை வேடிக்கை பார்த்தன. அவனுக்கு என்னவோ, தான் கூண்டுக்குள் இருப்பதாகவும் அவை டிக்கெட் வாங்கி வந்திருப்பதாகவும் தோன்றியது.

"இங்கன நடக்குறது என்ன? எனக்குப் புரியறாப்புல சொல்லுங்க. பாண்டிக்கும் புரியணும், அதனால ரொம்பவே எளிமையா."

"அக்கா!"

மகிமா கொஞ்சம் யோசித்தாள். "எலும்பு ஒரு சுவருன்னு வச்சுக்கங்க. கால்சியம் செங்கல். பாஸ்பரஸ் சிமென்ட். மூணு கூட்டத்துக்கும் ஒரே அளவு செங்கல் குடுக்குறேன். வெள்ளை அட்டைக்குச் சிமென்ட் சரியான அளவு. நீல அட்டைக்கு ரெண்டு மடங்கு. சிவப்பு அட்டைக்கு ரொம்பக் குறைவு."

"சிமென்ட் இல்லாம செங்கல் வந்து எறங்குனா கொத்தனார் என்ன செய்வாரு? லோடத் திருப்பி அனுப்பிருவாரு," என்றான் தங்கப்பாண்டி.

மகிமாவின் கண்கள் விரிந்தன. "அதேதான்! உடம்பும் திருப்பி அனுப்பிரும். சிறுநீர் வழியா. சாப்பிட்ட கால்சியம் எலும்புல ஏறாம அப்படியே வெளிய போகும். தினமும் அதத்தான் அளக்குறேன்."

"நீல அட்டைக்கு?"

"சிமென்ட் கூடிப்போனா இன்னொரு கூத்து. ரத்தத்துல செங்கல் பத்தலைன்னு, கட்டுன சுவத்துல இருந்தே உடம்பு செங்கல உருவ ஆரம்பிச்சிரும். அந்த எலிகள் எல்லாம் ஒழுங்கா, நெனைச்ச மாதிரி கெட்டுப்போய்க்கிட்டு இருக்கு. பிரச்சினை சிவப்புதான்."

அவள் ஒரு வரைபடத்தை விரித்தாள். சிவப்பு எலிகளின் சிறுநீரில் போன கால்சியம், எட்டு வாரத்துக்கு, நாள்வாரியாக. முதல் இரண்டு வாரம் கோடு உச்சத்தில் ஓடியது. மூன்றாவது வாரத்தில் ஒரு புதன்கிழமை, மலையிலிருந்து தள்ளிவிட்டது போலக் கீழே விழுந்தது. அதன்பிறகு தரையோடு தரையாகப் படுத்துக்கிடந்தது. அங்கங்கே மட்டும் ஒரு நாள் எகிறி மறுநாள் இறங்கியது, ஈறில் முளைத்த ஒற்றைப் பல் மாதிரி.

"தீவனம் மாறலயா?"

"தினமும் எடை போட்டு வைக்கிறது நானோ, கூட வேலை பாக்குற கிங்ஸ்லியோதான். தீவன அறை எப்பவும் பூட்டித்தான் இருக்கும், ரெண்டே சாவி. சந்தேகப்பட்டு மூட்டையப் பரிசோதனைக்கு அனுப்புனேன். பாஸ்பரஸ் குறைவாத்தான் இருக்குன்னு அறிக்கை வந்திருச்சு. எலிகளும் மாறல. ஒவ்வொண்ணுக்கும் காதுல அடையாளம் இருக்கு."

"இந்தப் பல்லெல்லாம்?"

மகிமாவின் குரல் இறங்கியது. "ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு நான் மட்டும்தான் தனியா வருவேன். எங்க டைரக்டர் டாக்டர் ராக்கப்பன் அதத்தான் பிடிச்சுக்கிட்டார். 'நீ தனியா இருக்குற நாள்ல மட்டும் எலி நீ நெனைச்சபடி நடக்குது. அப்ப அந்த எண்ணும் பொய், முதல் ரெண்டு வாரமும் பொய்'னு குழுவுக்கு எழுதிட்டார்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் மோசம்.

கிருபாவதி குனிந்து சிவப்பு அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இந்த எட்டு அட்டை மட்டும் புதுசா இருக்கே?"

"பழச எல்லாம் கடிச்சுத் துப்பிருச்சுங்க. மூணாவது வாரக் கடைசியில மாத்துனேன்."

"வெள்ளையும் நீலமும் கடிக்கலையா?"

"இல்ல."

"புது அட்டைய?"

மகிமா குனிந்து பார்த்தாள். புது அட்டைகளின் ஓரத்தில் ஒரு பல் தடம்கூட இல்லை. "கடிக்கல. நான் கவனிக்கவே இல்லை."

"ஏதோ குறையிருந்துச்சு, தேடிக் கடிச்சுச்சுங்க. குறை தீந்துச்சு, நிறுத்திட்டுதுங்க," என்றாள் கிருபாவதி. "தீவனத்துல வரலைன்னா வேற வழியா வந்திருக்கு. யாரோ சிமென்ட் கொண்டாந்து கொட்டுறாக."

"யாரோ என்ன யாரோ," என்றான் தங்கப்பாண்டி. "ரெண்டு சாவியில ஒண்ணு இந்தப் பொண்ணுகிட்ட. இன்னொண்ணு யாருகிட்ட?"

கிங்ஸ்லி பக்கத்து அறையில் நுண்ணோக்கிக்குள் முகம் புதைத்திருந்தான். நன்றாகத் தேய்த்த சட்டை, தூக்கலான சென்ட். இவ்வளவு மணக்கிறவன் எதையோ மறைக்கிறான் என்பது தங்கப்பாண்டியின் கொள்கை. ஏலக்காய்த் திருடர்கள் விஷயத்தில் அது ஒருமுறையும் தவறியதில்லை.

"மகிமா போயிட்டா அவுக இடம் யாருக்கு?" என்று நேராகவே கேட்டான்.

"எனக்குத்தான்," என்றான் கிங்ஸ்லி நிமிராமலே. "அதனால நான்தான் செஞ்சேன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"பண்ணல. ஆசைப்படுறோம்."

கிங்ஸ்லி நிமிர்ந்தான். காது சிவந்திருந்தது. "சார், நான் தினமும் வர்றேன். ஞாயித்துக்கிழமை மட்டும் சர்ச்சுக்குப் போயிருவேன், பாடகர் குழுவுல இருக்கேன். நான் தப்பு செய்யறவன்னா நான் வராத எல்லா ஞாயிறும் எலி பழையபடி ஆகியிருக்கணும். ஒரு ஞாயிறு ஆகலையே. படத்தைச் சரியாப் பாருங்க. அன்னைக்கும் நான் பாடிக்கிட்டுத்தான் இருந்தேன்."

தங்கப்பாண்டி கிருபாவதியைப் பார்த்தான்.

"பாடினார்," என்றாள் கிருபாவதி. "எனக்கு மூணு வரிசை முன்னால நின்னு. ரெண்டாவது சரணத்துல சுருதி வேற எங்கயோ போயிருச்சு, அதனால நல்லா ஞாபகம் இருக்கு."

கிங்ஸ்லியின் மறு காதும் சிவந்தது.

வெளியே ஜீப்பின் முகப்பில் வரைபடத்தை விரித்தார்கள். காற்று பறிக்கப் பார்த்ததால் ஒரு மூலையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு மூலையில் தங்கப்பாண்டியின் சாப்பாட்டுத் தூக்கு. மணி ஒன்று தாண்டிவிட்டது. மகிமா படிக்கட்டில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சிவப்பு எலியாகிவிட்டாள் பாவம் என்று தங்கப்பாண்டி நினைத்தான்.

"அஞ்சு ஞாயிறு," என்று விரலால் தொட்டாள் கிருபாவதி. "நாலுல பல்லு இருக்கு. ஒண்ணு பொக்கை."

"அதுக்குப் பதிலா இங்கன ஒரு தெத்துப்பல்லு," என்றான் தங்கப்பாண்டி. பொக்கை விழுந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்து, இரண்டு நாள் தள்ளி, தனியாக ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. "செவ்வாக்கிழமை. எலிக்கு என்ன செவ்வாக்கிழமை விரதமா?"

"மகிமா! இந்தச் செவ்வாய் நீங்க எங்க இருந்தீங்க?"

"மதுரையில. பல்கலைக்கழகத்துல நாள் பூரா. அன்னைக்குத் தீவனம் வச்சதும் அளந்ததும் கிங்ஸ்லிதான்."

கிருபாவதி தலையைத் தூக்கினாள். "அப்ப இந்தப் பல்ல மகிமா முளைக்க வைக்கல. அந்தப் பொக்கைக்குக் கிங்ஸ்லி காரணமில்ல. ரெண்டு சாவியும் கழிஞ்சுபோச்சு. எந்தத் தேதி பாண்டி அது?"

தேதியை வாசிக்கும்போதே தங்கப்பாண்டியின் நாக்கு நின்றுவிட்டது. அந்த நாளை அவனுக்குத் தெரியும். உள்ளங்காலுக்குத் தெரியும். கொதிக்கிற தார்ச்சாலையில் மனைவியின் பின்னாலேயே தண்ணீர்க்குடத்தோடு நடந்த நாள் அது.

"அக்கா, அன்னைக்கு நா வேலைக்கே வரலையே. போன்ல நீங்க திட்டுன திட்டு இன்னும் காதுல இருக்கு. சித்திரைக் கடைசிச் செவ்வா. வீரபாண்டித் திருவிழா தொடங்குன நாளு. என் வீட்டுக்காரி தீச்சட்டி எடுத்தா. ரோட்டுல காரு, பஸ்ஸு ஒண்ணும் நகரல. பாதி ஜில்லாவுமே அங்கனதேன் இருந்துச்சு."

கிருபாவதி அவனையே பார்த்தாள். பிறகு மெதுவாகப் புன்னகைத்தாள். ஒரு வழக்கின் பூட்டு திறக்கும்போது மட்டும் வருகிற புன்னகை. வருடத்துக்கு நாலு முறை வந்தால் அதிகம்.

"காலையில இருந்து நாம தப்பான கேள்வி கேட்டுட்டு இருக்கோம் பாண்டி. பல்லு முளைச்ச நாள்ல யாரு வந்தாகன்னு கேக்குறோம். கேக்க வேண்டியது அதில்ல."

"யாரு வரல?"

"யாரு வரல. எல்லா ஞாயித்துக்கிழமையும் வராத ஆளு. ஒரே ஒரு ஞாயிறு மட்டும் வேலைக்கு வந்துட்டு, அந்த லீவைச் செவ்வாய்க்கு மாத்திக்கிட்டு..."

"வீரபாண்டியில தீச்சட்டி எடுக்கப் போன ஆளு," என்று முடித்தான் தங்கப்பாண்டி. மஞ்சள் வெளுத்த காப்புக் கயிறு அவன் கண்முன் வந்து நின்றது. "அய்யோ. காலத் தொட்டியில முக்கச் சொன்ன ஆத்தா."

படிக்கட்டிலிருந்து மகிமா எழுந்துவிட்டாள். "இல்ல. முத்துப்பேச்சியக்காவா? இருக்காது. அந்த ஞாயிறு வந்தாங்க, ஆமா... எனக்குக் காபிகூடப் போட்டுக் குடுத்தாங்க. எனக்கு எதுக்குக் கெடுதல் செய்யப் போறாங்க?"

"கெடுதல்னு நா சொல்லலையே," என்றாள் கிருபாவதி.

முத்துப்பேச்சி கட்டடத்தின் பின்னால் குழாயடியில் கூண்டுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் ஒரு மஞ்சள் பை. கிருபாவதி குத்துக்காலிட்டு எதிரே உட்கார்ந்து, "அந்தப் பையில என்னக்கா இருக்கு?" என்றாள்.

"தவிடு."

அவ்வளவுதான். மறைக்கவுமில்லை, தயங்கவுமில்லை. கேட்கவென்று சேர்த்து வைத்திருந்த பதினைந்து கேள்விகளும் தங்கப்பாண்டியின் வாயிலேயே வீணாயின.

"யாருக்கு?"

"அந்தச் செவப்பு அட்டை எலிகளுக்கு. தெனம் ஒரு பிடி. எட்டுக் கூண்டுக்கும் பங்கு போட்டு வைப்பேன். ஒரு தூசி மிஞ்சாது."

"எதுக்குக் குடுத்தீங்க?"

"நா பொறந்தது மயிலாடும்பாறை. வறக்காட்டுல மேயுற மாடு சில கோடையில ஒரு மாதிரி ஆயிரும். நடக்க நோகும், தீனி எடுக்காது. காட்டுல கெடக்குற எலும்பப் பொறுக்கிக் கடிக்கும். செருப்பக் கடிக்கும். அதுக்கு எங்கப்பா தவிடுதேன் வைப்பாரு. பத்து நாள்ல தெளிஞ்சிரும். இந்த எலிகளும் அப்படித்தேன் இருந்துச்சு. அட்டையக் கடிக்குது, காலத் தாங்கித் தாங்கி நடக்குது. ரெண்டே நாளு தவிடு போட்டேன், கடிக்கிறத விட்டிருச்சு." கையில் இருந்த தட்டைத் திருப்பி வைத்தாள். "ஏன், ஒத்துக்கிரலையா?"

மகிமா சுவரில் சாய்ந்துவிட்டாள். "ஒத்துக்கிச்சு அக்கா. ரொம்ப ஒத்துக்கிச்சு. தவிடு முழுக்கப் பாஸ்பரஸ்." சிரிப்பதா அழுவதா என்று அவள் முகத்துக்கே தெரியவில்லை. "நான் எந்த நோயை வரவழைக்கப் பாடுபட்டேனோ அதக் கண்டுபிடிச்சு, மருந்தும் குடுத்துட்டாங்க. புத்தகத்துல நான் ரெண்டு வருசம் படிச்சது."

அப்போதுதான் முத்துப்பேச்சிக்குப் புரிந்தது. கழுவிய கை அப்படியே நின்றது. "என்னாலயா பாப்பா ஒன்னைய விசாரிக்க வாராக?"

மகிமா குனிந்து குழாயை மூடினாள்.

"நா வந்து சொல்லிர்றேன். நாந்தேன் போட்டேன்னு."

"சொன்னா உங்கள வேலையை விட்டு அனுப்பிருவாங்க அக்கா. ஒப்பந்த வேலை. ஒரு காகிதம்கூட வேண்டாம் அவங்களுக்கு," என்றாள் மகிமா. பிறகு கிருபாவதியிடம் திரும்பி, சிறிய குரலில், "இவங்களக் காட்டிக்குடுத்துத்தான் நான் தப்பிக்கணுமா?" என்றாள்.

தங்கப்பாண்டி தவிட்டுப் பையை எடுத்து, ஈரம் படாமல் தள்ளி வைத்தான்.

கிருபாவதி கேட்டது ஒன்றே ஒன்று. "போடுறதுக்கு முந்தி யாருகிட்டயாவது கேட்டீங்களா?"

முத்துப்பேச்சி சொன்ன பதிலைக் கேட்டதும் கிருபாவதி எழுந்து, புடவையை உதறிக்கொண்டு, "பாண்டி, சாப்பிட்டுட்டு வாங்க. சாயங்காலம் நீங்க சத்தமா வாசிக்க வேண்டியிருக்கும்," என்றாள்.

நான்கு மணிக்கு ஒரு நீள மேசையின் ஒரு முனையில் டாக்டர் ராக்கப்பன் உட்கார்ந்தார். சட்டைப்பையில் பச்சைப் பேனா. மதுரையிலிருந்து வந்த இருவரில் மூத்தவர் ஒரு பேராசிரியை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். மகிமா மேசையின் மறு முனையில். முத்துப்பேச்சி கதவோரம், உட்காரச் சொல்லியும் உட்காராமல்.

ராக்கப்பன் சுருக்கமாக முடித்தார். "ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்யும் அறிவியலை நான் கேள்விப்பட்டதில்லை."

கிருபாவதி வரைபடத்தைப் பேராசிரியையின் பக்கம் தள்ளினாள். "ஞாயிறு வேண்டாம்மா. இந்தச் செவ்வாயப் பாருங்க. அன்னைக்கும் சிவப்பு எலிகள் மகிமா சொன்னபடியே நடந்திருக்கு. அன்னைக்கு மகிமா இங்க இல்ல."

பேராசிரியை தேதியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "என் அறையில இருந்தா. காலை பத்துல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். நான்தான் கேள்வி கேட்டு அழ வச்சேன்."

பிறகு கிருபாவதி எல்லாவற்றையும் சொன்னாள். கடித்த அட்டைகள், கடிக்காத அட்டைகள், லீவு மாற்றிய வாரம், தவிடு. தவிடு விழாத நாட்களில் மட்டும் எலிகள் உண்மை பேசின, ஞாயிற்றுக்கிழமைகள்தான் பொய்யில்லாதவை. பேராசிரியை நடுவிலேயே தலையாட்டத் தொடங்கிவிட்டார்.

ராக்கப்பனின் முகம் இறுகியது. ஆனால் அவர் விட்டுவிடுகிறவர் அல்ல. "அப்படியானால் குற்றவாளி யாரென்று தெளிவாகிவிட்டது. ஒரு துப்புரவுப் பெண் தன்னிச்சையாக ஆய்வில் கை வைத்திருக்கிறாள். இன்றோடு அவளுக்கு வேலை கிடையாது."

"தன்னிச்சையாகவா?" என்றாள் கிருபாவதி. "பாண்டி."

தங்கப்பாண்டி முதுகுக்குப் பின்னாலிருந்து ஈரக்கறை நோட்டை எடுத்தான். சணல் கயிறும் ஆணியும்கூட அதோடு வந்திருந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டு, மேகமலைப் பேருந்தில் ஊர்ப்பெயர் சொல்லும் கண்டக்டரின் குரலில் வாசித்தான்.

"புதன். கூண்டு கழுவுனேன். தண்ணி மாத்துனேன். சிவப்பு எலிக்கு ஒரு பிடி தவிடு போட்டேன். பெரிய டாக்டர்ட்ட கேட்டேன், சரின்னாக." பக்கத்தைப் புரட்டினான். "வியாழன். கூண்டு கழுவுனேன். தண்ணி மாத்துனேன். தவிடு ஒரு பிடி. வெள்ளி. அதே. சனி. அதே. அதுக்குக் கீழ, 'சரிபார்த்தேன்'. கையெழுத்து. பச்சை மையி." இன்னொரு பக்கம். "அடுத்த சனி. சரிபார்த்தேன். பச்சை மையி. அதுக்கடுத்த சனி..."

"போதும்," என்றார் ராக்கப்பன்.

"இன்னும் ரெண்டு சனி இருக்குய்யா."

"நான் எப்போது சரி என்றேன்?" அவர் கதவுப் பக்கம் திரும்பினார். குரலில் கோபத்தைவிட நிஜமான குழப்பம்தான் இருந்தது.

முத்துப்பேச்சி பயப்படாமல் சொன்னாள். "நீங்க போன்ல பேசிக்கிட்டே போனீக. எலி அட்டையக் கடிக்குது, ஒரு பிடி தவிடு போடட்டாய்யான்னு கேட்டேன். 'சரி, சரி'ன்னு கையக் காட்டிட்டுப் போனீக. மறுக்கா கேக்கக் கூடாதேன்னுதேன் தெனம் எழுதி வச்சேன். நீங்க சனிக்கிழம சனிக்கிழம பாத்துக் கையெழுத்துப் போட்டீக. பிடிக்கலைன்னா சொல்லியிருப்பீகன்னு நெனச்சேன்."

நோட்டின் முனையில் தொங்கிய ஆணி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

பேராசிரியை பேனாவை மூடினார். "எண்களைத் திருத்தினார் என்ற குற்றச்சாட்டு இதோடு முடிந்தது. முதல் இரண்டு வாரமும் அந்த ஒற்றை நாட்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன. மீதி நாட்கள் வீண். மகிமா, திரும்பச் செய்யணும். இந்தத் தடவை நாலாவதா ஒரு கூட்டமும் வச்சுக்கோ. தவிடு போட்ட கூட்டம்." கதவுப் பக்கம் பார்த்தார். "இந்தம்மாவை வேலையை விட்டு அனுப்பினா, அந்த நாலாவது கூட்டத்த யாரு பாத்துக்குவா டாக்டர்?"

ராக்கப்பன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

மகிமா மேசையில் தலை கவிழ்ந்திருந்தாள். தோள்கள் குலுங்கின. தங்கப்பாண்டி தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்து, "சிமென்ட்டு வந்துருச்சும்மா, இனி சுவரு நிக்கும், அழாதீக," என்றான்.

எல்லோரும் எழுந்தபோதுதான் முத்துப்பேச்சி முன்னால் வந்தாள். தங்கப்பாண்டியின் கையிலிருந்த நோட்டை வாங்கிப் புரட்டி, இன்றைய பக்கத்தைப் பிரித்து, ராக்கப்பனின் முன்னால் வைத்தாள்.

"இன்னைக்குச் சனிக்கிழமய்யா."

பச்சைப் பேனா பழக்கத்தில் தானாகவே வெளியே வந்தது. காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே போய் நின்றுவிட்டது. ராக்கப்பன் சட்டைப்பையைத் தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். குனிந்து, உதடு அசைய, ஒவ்வொரு வரியாகப் படித்தார். கூண்டு கழுவுனேன். தண்ணி மாத்துனேன். அதற்குக் கீழே மத்தியானம் சேர்த்த ஒரு வரி.

'தவிடு இன்னும் போடல. யாரக் கேக்கணும்னு தெரியல.'

அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியோடு நிமிர்ந்து, மேசையின் மறு முனையைப் பார்த்தார்.

"மகிமா... இதற்கு என்ன எழுதட்டும்?"

மகிமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போடலாம்னு எழுதுங்க சார். எடை போட்டுப் போடச் சொல்லுங்க."